கற்பூரச் சவர்க்காரம்

போன வெள்ளிக்கிழமை என் மகள் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றபடி, "உம்மா, அடுத்ததுக்குக் கொஞ்சம் கற்பூரம் போட்டுப் பாக்கவா?" என்று கேட்டாள். என் கையிலிருந்த பீங்கான் விழுந்து உடைந்தது. தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்து, போனில் படம் போட்டு, ஆளனுப்பி, தனியொருத்தியாக விற்கிறாள். வேப்பிலை போட்டாள், மஞ்சள் போட்டாள், நான் வாய் திறக்கவில்லை. கற்பூரம் என்றதும் கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். நான் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன். அன்றிலிருந்து அவள் அடுப்படிக்குள் போனால் நானும் பின்னாலேயே போய், என்ன ஊற்றுகிறாள் என்று மணந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு ஒரு சாச்சி இருந்தார், உம்மாவின் தங்கை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வளவுக்குள்ளேயே அவருடைய வீடும் இருந்தது. சாச்சா லொறியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்தபின் யாராவது உழைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. வாப்பா ஒரு ஏஜென்சிக்காரரைக் கூட்டி வந்தார். குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. சாச்சியோ வேப்பிலையும் மஞ்சளும் போட்டுச் சவர்க்காரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். சாச்சியின் மகனுக்கு அப்போது நடக்கத் தெரியும், கதைக்கத் தெரியாது.

"ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் பொறுங்க மச்சான்" என்று சாச்சி வாப்பாவிடம் கேட்டார். "என்ட சவுக்காரம் ஓடிச்செண்டா நான் போமாட்டன்."

வாப்பா தலையாட்டினார். சவர்க்காரம் ஓடும் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பெருநாள் எப்படியும் வந்துவிடும் என்பதை நம்பினார்.

சாச்சிக்கு ஓரிடத்தில் இருக்க வராது. காரத் தண்ணீரை எண்ணெயில் ஊற்றிக் கிளறி, பலகைத் தட்டுகளில் வார்த்து, சாக்கால் மூடிவிட்டால் அது இறுகும்வரை வேலை இல்லை. சாச்சியால் அது முடியாது. சாக்கைத் தூக்கிப் பார்ப்பார், மூடுவார், வேலிவரை நடப்பார், திரும்பி வந்து மறுபடி தூக்குவார். மகன் அழுதால் இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கால் பரபரக்கும்.

அந்த வருடம் கச்சான் காற்று நெருப்பாக வீசியது. ஊரெல்லாம் வேர்க்குரு. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சாச்சி கற்பூரம் போட்டார், அதையும் தாராளமாகவே போட்டார். பக்கத்துத் தமிழ் ஊரான நாவிதன்வெளியிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவரும் அக்காதான் முதலில் மணந்து பார்த்தவர். "ஐயோ புள்ள, கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்குகா! எனக்கு ரெண்டு எடுத்து வை" என்றார். சாச்சிக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த தெருவில் ஒரு கல்யாண வீடு. சாச்சி என்னை அந்தச் சவர்க்காரத்தால் தோல் சிவக்கும்வரை தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டுக் கூட்டிப்போனார்.

"நீ ஒண்டும் கதைக்க வேணாம். பொண்டுகளுக்கு நடுவில போய் இரி. மணம் கதைக்கும்."

நான் போய் மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். புழுக்கமான அறை. எனக்கு வியர்க்க வியர்க்க மணம் எழும்பியது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார். "என்ன மணம் இது?" இன்னொருவர் மெதுவாக, "கற்பூரம்" என்றார்.

எங்கள் பெண்களுக்குக் கற்பூரம் என்றால் ஒரே ஒரு ஞாபகம்தான். இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டும்போது கடைசித் தண்ணீரில் கலப்பது அது. அந்த இடத்தைச் சுற்றிக் கட்டும் திரைக்குள் இளம் பெண்களை விடுவதில்லை. அதனால்தான் சாச்சிக்கு அது தோன்றவில்லையோ என்னவோ. மாப்பிள்ளையின் உம்மாவுடைய அக்கா வேறு அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"எங்கட ராத்தாக்கு என்னமும் ஆகிட்டா?" என்று மாப்பிள்ளையின் உம்மா எழும்பினார். "மறைக்காமச் செல்லுங்க! ஆரும் மௌத்தா?"

மரணச் செய்தி கேட்டால் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யை யாரோ சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை அழுதது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மௌத்து இல்ல! எங்கட சாச்சிர புதுச் சவுக்காரம்! மணந்து பாருங்க!" என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

முதலில் சிரிப்புத்தான் வெடித்தது. பிறகு மாப்பிள்ளையின் உம்மாவின் முகத்தைப் பார்த்து அதுவும் அடங்கியது.

"கல்யாண ஊட்டுக்கா புள்ளய மையித்து மாதிரிக் கழுவிக் கொண்டாந்த?"

"வேர்க்குருக்கு நல்லம் ராத்தா..." என்றார் சாச்சி. யார் காதிலும் அது ஏறவில்லை. என் சட்டையெல்லாம் அத்தரைப் பூசிவிட்டார்கள். நான் தும்மிக்கொண்டே, இவ்வளவு பேர் என்னைக் கவனிப்பதில் சந்தோஷப்பட்டேன்.

கதை ஊர் முழுக்கப் பரவி, கடைகளிலிருந்து வேப்பிலைச் சவர்க்காரமும் மஞ்சள் சவர்க்காரமும்கூடத் திரும்பி வந்தன. "சவுக்காரத்தில ஒரு பிழையும் இல்ல ராத்தா. பொண்டுகள் எடுத்து மணக்கிறாங்க, சிரிக்கிறாங்க, வெச்சிட்டுப் போறாங்க" என்றார் ஒரு கடைக்காரர். நாவிதன்வெளி அக்கா வாங்கியிருப்பார். ஆனால் அது சண்டைக்காலம், ஏதோ பிரச்சினை என்று அந்த வாரமே அவருடைய ஊர்ப் பாதையை மூடிவிட்டார்கள். அவர் வரவேயில்லை.

பிறகு ஒருநாள், ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டும் மாமி ஒருவர் வந்திருக்கிறார். "ஆரும் வாங்காட்டி எனக்குத் தா புள்ள, இல்லாத ஊடுகளுக்கு உதவும். என்ன வெல?" என்று கேட்டாராம். மையித்துக் காரியத்துக்கு விலை சொல்லக்கூடாது என்று சாச்சி கற்பூரச் சவர்க்காரம் முழுவதையும் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டார். "ஒருத்தரும் கொற செல்லாத எடத்துக்குத்தான் போகுது மாமி" என்று சிரித்தாராம். இதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் கண்டது, சாக்கு ஒன்று சைக்கிளில் ஏறிப் போனதையும் தட்டுகள் காலியாகக் கிடந்ததையும் மட்டுமே. வளவு முழுக்க ஓடினேன். "சவுக்காரம் எல்லாம் முடிஞ்சி! சாச்சி குவைத்துக்குப் போமாட்டா!" உம்மா தையல் மெஷினில் இருந்தார். சாச்சியின் அளவில் கறுப்பு அபாயா ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். பெருநாள் உடுப்பு என்று நினைத்தேன். என் சத்தம் கேட்டு மெஷினை மிதித்த கால் ஒருகணம் நின்றது, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

சாச்சி கிணற்றடியில் மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் ஓரிடத்தில் அசையாமல் இருக்கக் கண்டேன். நுரையைக் கழுவிவிட்டுப் பிள்ளையின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தார். நிமிர்ந்தார். மறுபடி புதைத்தார். தலையை மணந்தார், உள்ளங்கையை விரித்து மணந்தார். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

புதுச் சவர்க்காரத்தைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"மணம் எப்பிடி சாச்சி?" என்று கேட்டேன்.

"நல்லா இரிக்கி" என்றார், முகத்தை எடுக்காமலே.

எனக்கு அது போதும். அடுத்தமுறை வார்ப்பதற்குத் தயாராக இருக்கட்டும் என்று, காலியான தட்டுகளைத் தூக்கிவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினேன்.