குடுமியோடு சேர்த்து ஐந்தடி ஆறங்குலம்

கல்லூரியில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்த முதல் நாளே பிரின்சிபால் என் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்தார். "ஸ்போர்ட்ஸ் வருது மிஸ்டர். பையன்களை டிவிஷன் டிவிஷனாப் பிரிச்சிருங்க" என்றார். பிரிப்பதற்கு எங்கள் ஜில்லாவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹாஸ்டல் பந்தியில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், மைதானத்தில் மட்டும் எதற்குக் கலந்து ஓட வேண்டும்?

முறை இதுதான். ஐந்தடி ஐந்து அங்குலமும் அதற்கு மேலும் இருந்தால் ஃபர்ஸ்ட் டிவிஷன். குறைந்தால் செகண்ட் டிவிஷன். வயது, வகுப்பு எதுவும் கணக்கில் வராது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனாக இருந்தாலும், குள்ளமாக இருந்தால் செகண்ட் டிவிஷன்தான். ஒவ்வொரு டிவிஷனிலும் முதலில் வருகிறவன் மெட்ராஸ் போட்டிக்குப் போவான். அதனால் சுலபமாக ஜெயிக்கச் சின்ன டிவிஷனில் நுழையப் பார்த்து முழங்காலை மடிக்கிறவன், கழுத்தை உள்ளே இழுக்கிறவன் என்று எல்லா வித்தையும் பார்த்தேன். முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினால் பையன் ஓர் அங்குலம் வளர்ந்துவிடுவான்.

மல்லசமுத்திரத்துச் செங்கோடன் வித்தை எதுவும் காட்டவில்லை. எல்லாக் குடுமிக்காரர்களையும் போல முடியை அவிழ்த்துவிட்டு நேராக நின்றான். ஐந்தடி நாலே முக்கால் அங்குலம். செகண்ட் டிவிஷன் என்று நானே எழுதினேன்.

"செயிச்சா மெட்ராஸ் போ, தோத்தா காலேசும் வேண்டாம், ஏரு புடிக்க வந்துருன்னு எங்கப்பன் சொல்லிப்போட்டாருங்க சார்" என்றான்.

கால் மைல் ஓட்டம். ஃபர்ஸ்ட் டிவிஷனில் கல்லூரிக் கமிட்டி மெம்பர் ஒருவரின் மகன் முதலில் வந்தான். அவன் ஷூ சீமையிலிருந்து வந்தது. உள்ளே இருந்த கால் மட்டும் உள்ளூர். அடுத்துச் செகண்ட் டிவிஷன். செங்கோடன் வெறுங்காலோடு ஓடி, மெம்பர் மகனைவிட மூன்று செகண்ட் முன்னதாகவே முடித்துவிட்டான். புத்தி கெட்டுப்போய் இரண்டு டைமிங்கையும் சத்தமாகப் படித்தேன். ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

உடனே என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மெம்பரின் முகம் பச்சை மிளகாயைக் கடித்தது போல இருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், சின்ன டிவிஷன் பெரிய டிவிஷனை முந்துமாங்க? எங்கியோ தப்பிருக்குது. அவனை மறுக்கா அளங்க."

அளந்தேன். அதே உயரம். பையன் வளர மறுத்துவிட்டான்.

"குடுமியும் உடம்புதானே மிஸ்டர்? உச்சியில முடிஞ்சு அளங்க" என்றார் பிரின்சிபால். அவர் கணக்கில் எம்.ஏ.

முடிந்து அளந்தால் ஐந்தடி ஆறங்குலம். ஆகவே பையன் ஃபர்ஸ்ட் டிவிஷன். ஆகவே செகண்ட் டிவிஷனில் அவன் ஜெயித்தது செல்லாது. ஃபர்ஸ்ட் டிவிஷன் ஓட்டமோ முன்பே முடிந்துபோயிற்று.

"அப்ப நான் எதுலதானுங்க சார் ஓடுனேன்?" என்று கேட்டான் செங்கோடன். "பெரிய டிவிஷன்லயே உடுங்க, இப்பவே ஓடறேனுங்க" என்றான்.

"எம்பையன் களைச்சுக் கெடக்கறான் சாமி. ஊட்டுக்குப் போ" என்றார் மெம்பர்.

பையன் என் பக்கம் திரும்பினான். "காலைல அளந்து எழுதுனது நீங்கதானுங்களே. சொல்லுங்க சார்."

பிசிகல் டைரக்டர் பதவிக்கு என் பெயர் அப்போது அதே கமிட்டியிடம் இருந்தது. "கமிட்டி முடிவு தம்பி" என்றேன். அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மறு டெர்முக்கு அவன் வரவில்லை. எனக்குப் பதவி வந்தது.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓடுவதற்கு முன்னால் எப்படி வேண்டுமானாலும் பிரியுங்கள். ஓடி முடித்தவனைப் பிரிக்கச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ரிடையரான அன்று மாலை போட்டு, ஒரு நாளும் அளவு தவறாத மாஸ்டர் என்று மேடையில் புகழ்ந்தார்கள். மறுத்துச் சொல்லக் கூடியவன் மல்லசமுத்திரத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான்.