மடியில் சுடாத தகடு

ஹைதராபாத் பாலாநகரில் என் பட்டறையில் பாலிஷ் போட்ட தகட்டில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கம்பெனிக்காரர்களுக்கு என் கைதான் சர்டிஃபிகேட். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.

போன வருஷம் ஒரு லேப்டாப் டிசைன் ஆபீஸிலிருந்து வேலை வந்தது. மெல்லிசான மிஷின், உள்ளே ஃபேனே கிடையாது. சூடெல்லாம் அடித்தகட்டில் பரவி வெளியே போக வேண்டும். அந்தத் தகடு என் பொறுப்பு. சாம்பிள் பாஸானால் மொத்த ஆர்டரும் எனக்கு. ஆட்களை நம்பாமல் மூன்று நாள் நானே பாலிஷ் சக்கரத்தில் பிடித்தேன்.

டெஸ்ட் அன்று அவர்கள் ஆபீஸில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்கா உட்கார வரும்? எந்த மிஷினையும் சத்தம் கேட்டே நோய் சொல்வேன். இது மூச்சே விடவில்லை.

"ஓடுதாம்மா?" என்று டெஸ்ட் செய்யும் பெண்ணைக் கேட்டேன்.

"ஓடுது அங்கிள்."

எழுந்து சுவர் வரைக்கும் போய் வந்தேன். "இப்போ?"

அவள் திருநெல்வேலிக்காரி. வாய் ஜாஸ்தி. "அங்கிள், இது காத்தில்லாம பண்ற டெஸ்ட். நீங்க நடக்கிற நடைக்கு ரூமே ஃபேன் போட்ட மாதிரி இருக்கு. உட்காருங்க."

கடைசியில் தலையை ஆட்டினாள். "சுடுது. மடியில வைக்க முடியாது."

"என் தகடா? வேற எங்கயோ கோளாறு."

தன் டீ ஃபிளாஸ்க்கை என் பக்கம் தள்ளினாள். "இதுக்குள்ள ஏன் பளபளன்னு இருக்கு?"

நான் தொழில் ஆரம்பித்ததே ஃபிளாஸ்க்குக்கு பாலிஷ் போட்டுத்தான். பளபளப்பு சூட்டை வெளியே விடாது என்று அப்போதே சொல்லிக் கொடுத்தார்கள். அது டீக்கு மட்டும் என்று இருந்துவிட்டேன்.

"சொரசொரப்பா, கறுப்பா வேணும் அங்கிள். நாளைக்கு மதியத்துக்குள்ள."

புதுத் தகடு வெட்ட நேரமில்லை. அதையே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு சிக்னலிலும் ஹாரன் அடித்தேன். பட்டறையில் மணல் பீய்ச்சும் குழாயைக் கையில் எடுத்ததும் மேஸ்திரி குறுக்கே நின்றான்.

"நக்கோ சேட், வேணாம்! இவ்ளோ அழகா இருக்கிறதை ஏன் கெடுக்கிறீங்க?"

"தள்ளுடா" என்று நானே தகட்டில் மணலைப் பீய்ச்சினேன். மூன்று நாள் உழைப்பு ஒரு நிமிஷத்தில் மங்கிப் போனது. அடுத்த ஷெட்டில் கறுப்பு ஏற்றி வாங்கி, காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

இந்தத் தடவை என்னை வராந்தாவில் நடக்கச் சொல்லிவிட்டாள். எத்தனை நடை நடந்தேனோ. பிறகு கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த மிஷினை என் மடியிலேயே வைத்தாள்.

"சுடுதா அங்கிள்?"

வெதுவெதுப்புதான், அதற்கு மேல் இல்லை. பழக்கத்தில் மிஷினைத் திருப்பி அடித்தகட்டில் மீசையைத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. முகம் தெரியாத தகட்டுக்கு ஆர்டர் வாங்கிய பாலிஷ்காரன் பாலாநகரிலேயே நான் ஒருத்தன்தான்.