இரண்டு கலங்கள் நின்ற இடம்

செவிலியாக இருந்த என் மனைவி, ஓய்வுபெற்றபின் ஒரு விண்வெளி நாவல் எழுதினாள். அதன் கடைசி அத்தியாயத்தில், பழுதான கலத்தில் சிக்கிய ஒருவனுக்கு மீட்புக் கலத்துப் பெண் மருந்துப் பெட்டியை நீட்டுகிறாள். "இரு கலங்களும் அருகருகே அசையாமல் நின்றன" என்று எழுதியிருந்தாள். எதைப் பொறுத்து அசையாமல் என்று ஓரத்தில் குறித்தேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவனின் பழக்கம். அவள் பதில் எழுதவில்லை. அத்தியாயம் அங்கேயே நின்றது. பிறகு நோய் வந்தது.

அவள் போனபின், நூலை முடித்துத் தருவதாகத் திருத்தங்கல் அச்சக உரிமையாளரிடம் ஒப்புக்கொண்டேன். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் இயந்திரங்கள் வேறெதற்கும் ஒழியா. நானோ சூரியனைப் பொறுத்து இரு கலங்களின் வேகங்களையும் கணக்கிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எண்கள் சரியாக இருந்தன. அந்தப் பெண்ணும் அவனும் நான் எழுதிய பக்கத்தில் இல்லை.

என்னால் இயலாது என்று சொல்லிவிடவே ஒரு நாள் காலை அச்சகத்துக்குப் புறப்பட்டேன். பஸ் வரவில்லை. அச்சங்குளத்துக்குச் சாலை பிரியும் விலக்கில், பெண்களை வேலைக்கு ஏற்றிப்போன ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் என்னையும் ஏற்றிக்கொண்டது.

சற்றுத் தூரத்தில் ஒரு பைக் துரத்தி வந்து, வேனின் வலப்புறம் ஒட்டி ஓடியது. ஓட்டியவர் இடக்கையில் தூக்குவாளி.

"எங்க வீட்டுக்காரவுக! சோத்த மறந்துட்டேன்" என்றாள் எனக்கு முன்னிருந்தவள். "செல்போனக் கம்பெனிக்குள்ள விட மாட்டாகன்னு வீட்லயே வச்சிட்டு வந்தேன். நிறுத்துங்கண்ணே."

"நிறுத்துனா கம்பெனி கேட்டுல லேட்டாயிரும். போயிக்கிட்டே வாங்கு தாயி" என்றார் ஓட்டுநர்.

"தலைய மட்டும் மறக்காம கொண்டு வந்துட்டியே!" என்று கத்தினார் பைக்காரர்.

"யக்கா, வாளியப் பிடி. அவுக கைய அப்புறம் பிடிக்கலாம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வேன் முழுதும் சிரிப்பு.

வெளியே வேலமரங்கள் பின்னோக்கி ஓடின. ஜன்னலில் இரு கைகள் ஒரே வாளியைப் பிடித்திருந்தன. சில நொடிகள் அவற்றுக்கிடையே எதுவும் அசையவில்லை. அவள் சாலையைப் பார்க்கவில்லை; அவரைத்தான் பார்த்தாள்.

என் கேள்விக்கான விடையை என் மனைவி அதே வாக்கியத்தில் எழுதியிருந்தாள். அருகருகே, ஒன்றையொன்று பொறுத்து. சூரியனை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்.

அச்சகத்தில் உரிமையாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, முடியலேன்னா சொல்லிருங்க. உள்ளது வரைக்கும் போட்டுருவோம்."

"ஒரு மேசை கொடுங்கள்" என்றேன்.

காகிதக் கட்டுகளுக்கிடையே ஓரிடம் ஒதுக்கித் தந்தார். மீட்புக் கலத்தின் ஜன்னலிலிருந்து எழுதத் தொடங்கினேன். பிற்பகலில் அவர் தேநீர் கொண்டுவந்தபோது மூன்று பக்கங்கள் முடிந்திருந்தன. அவற்றை அச்சுக்காகக் கணினியில் ஏற்ற எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, நான்காவதைத் தொடர்ந்தேன்.