பொண்ட் ஸ்ட்ரீட் போர்நிறுத்தம்

முப்பத்திரண்டு வருடம் வரலாறு படிப்பித்தவன் என்றபடியால், போர்களை எப்படி நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அரசியல்வாதிகள் சமாதானம் பேசுவது பிறகு. முதலில் தளபதிகள் சுடுவதை நிறுத்த வேண்டும். முதலாம் உலகப் போரின் முடிவில், தோற்கும் தரப்பின் தூதர்கள் வெள்ளைக்கொடியோடு எல்லை கடந்து, காட்டில் நின்ற ஒரு ரயில் பெட்டிக்குப் போனார்கள். எதற்காக வந்தீர்கள் என்று மறுதரப்புத் தளபதி கேட்டார். தெரியாமல் அல்ல. அவர்கள் வாயாலேயே போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் வீட்டுப் போரும் அந்த இடத்தில்தான் சிக்கி நின்றது. என் மனைவியும் அவளுடைய ஒரே தம்பியின் மனைவியும் நன்மை தீமைக்குப் போவதை நிறுத்தி ஏழு வருடம். தம்பி வீட்டு விருந்தொன்றில் என் மனைவியை இரண்டாம் பந்தியில் இருத்தியதுதான் காரணம். இப்போது எங்கள் மகளுக்குக் கல்யாணம். "மாமா வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

லண்டனில் நாங்கள் ஒரு பக்கம் கிங்ஸ்பரி, அவர்கள் மறுபக்கம் குட்மேய்ஸ். யாரும் யார் வீட்டுக்கும் முதலில் போக முடியாது என்பதால், நானும் என் மச்சானான அந்தத் தம்பியும் நடுவில் உள்ள பொண்ட் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் சந்தித்தோம். எனக்குப் பதினொரு தரிப்பு, அவனுக்கும் பதினொன்று. மூன்று தரம் எண்ணிப் பார்த்த பிறகே ஒத்துக்கொண்டேன்.

அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தபடியே கல்யாண அட்டையை நீட்டினேன். மச்சான் கையைக் கட்டிக்கொண்டான்.

"அத்தான், ஸ்டேசனில வைச்சுத் தந்தால் அது சொன்னதே? வீட்டை வந்து சொல்லவேணும். அதுவும் அக்கா தன்ர வாயால, என்ர மனுசியிட்ட."

"அக்கா வரமாட்டா."

"அப்ப நாங்களும் வரேலாது."

எங்கள் ஆட்களுக்கு, வாசலில் நின்று சொல்லி அழைக்காத கல்யாணம் சொல்லாத கல்யாணம்தான். ஆறு ரயில் போகும்வரை பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். என் மனைவி குட்மேய்ஸ் போய்ச் சொல்வாள். தேத்தண்ணி தரப்படும், பலகாரம் தரப்படாது. அவள் பாதி குடிப்பாள். முழுவதும் குடித்தால் சமாதானம் என்று ஆகிவிடும். அதற்கு எங்கள் இருவருக்கும் அதிகாரம் இல்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணி முதல் இரண்டாம் பந்தியைப் பற்றி எவரும் வாய்திறக்கக் கூடாது.

அந்தப் பெரிய போரில் கையெழுத்து வைத்த பிறகும், குறித்த மணி வரும்வரை சுட்டார்கள். என் மனைவியும் குரோய்டனில் இருக்கும் தமக்கைக்குத் தொலைபேசி எடுத்து, மிச்சம் இருந்ததையெல்லாம் சுட்டுத் தீர்த்தாள்.

"அவளின்ர சிநேகிதிகளுக்கு முதல் பந்தி, எனக்கு ரெண்டாம் பந்தி. பருப்புக்கும் தண்ணி விட்டிட்டாளவை, அக்கா!"

சனிக்கிழமை குட்மேய்ஸ் வாசலில் நின்று, கதவு நிலையைப் பார்த்தபடி சொன்னாள்: "மகளுக்குக் கல்யாணம். எல்லாரும் வந்து நடத்தித் தரவேணும்."

"உள்ள வாங்கோ மச்சாள்" என்றாள் தம்பியின் மனைவி.

தேத்தண்ணி வந்தது. உடன்பாட்டின்படி என் மனைவி பாதியில் கோப்பையை வைத்தாள். மற்றவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சீனி காணாதோ?"

"காணும், அளவாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் மிச்சம்? என்ர வீட்டுத் தேத்தண்ணி வாய்க்குப் பிடிக்கேல்லையோ?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். பாதிக் கோப்பை விதியை அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

என் மனைவி என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு கோப்பையை எடுத்து மிச்சத்தையும் குடித்தாள்.

"நாங்கள் கல்யாணத்துக்கு முதல்நாளே வாறம்" என்றாள் தம்பியின் மனைவி.

திரும்பும் ரயிலில், "முழுக்கக் குடிச்சிட்டீர்" என்றேன்.

"பால் விட்ட தேத்தண்ணி. கொட்டுறதே? சமாதானம் எண்டு எடுக்கவேண்டாம் எண்டு தம்பிக்குச் சொல்லிவிடுங்கோ."