எலியாவுக்கு ஒன்பது துளை

பெல்ட்டுக்காரர் கையில் அளவு தப்பியதாகச் சரித்திரமே இல்லை. கடைக்குள் நுழைகிறவரின் இடுப்பை ஒரு பார்வை பார்த்து "முப்பத்தாறு" என்பார். அப்புறம் சும்மா மரியாதைக்கு டேப்பைச் சுற்றுவார். முப்பத்தாறுதான் இருக்கும்.

அவர் பெஞ்சுக்கு மேலே ஆணியில் ஒரு பெல்ட் இருபது வருஷமாகத் தொங்கியது. அது விற்பனைக்கு இல்லை. எலியா தீர்க்கதரிசிக்கு. உயிரோடு வானத்துக்குப் போனவர் கடைசி நாளுக்கு முன்னால் அதே உடம்போடு திரும்பி வருவார் என்பது பெல்ட்டுக்காரரின் சபை நம்பிக்கை. இடுப்பில் தோல் கச்சை கட்டுகிறவர் என்று வேதத்திலேயே இருக்கிறது. இத்தனை காலத்தில் பழையது நைந்திருக்காதா?

அதைத் தைத்தபோது மகளுக்கு ஆறு வயது.

"அவர் குண்டாப்பா, ஒல்லியாப்பா?"

"காக்கா கொண்டாந்து குடுத்ததைச் சாப்பிட்டவர். என்னத்தப் பெருசா சதை போட்டிருப்பார்."

"மேல நல்லா சாப்பாடு போட்டிருந்தா?"

யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஐந்துக்குப் பதிலாக ஒன்பது துளை போட்டார். சனிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் தேய்ப்பது மகளின் வேலை. தேய்த்தபடி அப்பா சொல்வதை வாய் பிளந்து கேட்பாள். அவர் பிரசங்கத்துக்கு வாய்த்த ஒரே ஆள் அவள்தான்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. போன வீட்டில் மாமனார் என்று ஒருவர் இருந்தார். ஆபீஸ் கட்டடம் ஒன்றில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வேறு சபை. எலியா எப்போதோ வந்தாயிற்று, இயேசுவுக்கு முன்னால் வந்த யோவான் ஸ்நானகன்தான் அது, இயேசுவே சொல்லிவிட்டார் என்பது அவர் கட்சி.

"முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டிருக்கீங்க. மேல போனவர் கீழ வருவார்னு நம்ப மாட்டேங்கிறீங்களே சம்பந்தி," என்று பெல்ட்டுக்காரர் ஒருநாள் மடக்கினார்.

"மேல போறது ஒருத்தர், கீழ வர்றது வேற ஒருத்தர், லிஃப்ட் அதேதான்," என்றார் லிஃப்ட்காரர். "எலியாவோட ஆவியும் பலமும் யோவான்ல இறங்கிச்சு. அவரும் தோல் கச்சைதான் கட்டிருந்தார், மறந்துட்டீங்களா?"

மகள் சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "மாமா சொல்றதும் சரியாத்தான் இருக்குப்பா," என்றாள்.

அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அணையவே இல்லை. மகள் போன் செய்தால் பத்து வார்த்தையில் நாலு 'மாமா' இருக்கும். மாமா மாத்திரை போட்டார், மாமா தூங்கினார், மாமா சொன்னார். சனிக்கிழமைதோறும் எலியாவின் பெல்ட்டுக்குப் பெல்ட்டுக்காரரே எண்ணெய் தேய்த்தார், தோல் தேய்ந்துவிடும் அளவுக்கு.

லிஃப்ட்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து ஆள் பாதியானார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மகள் அவரைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிவந்தாள். அந்தக் கையைத்தான் பெல்ட்டுக்காரர் பார்த்தார்.

"மாமா ஞாயித்துக்கிழமை சபையில எலியாவைப் பத்திப் பேசறார்ப்பா. நல்லா ஒரு பெல்ட் குடுங்க."

டேப் முப்பத்துநாலு என்றது. கை முப்பத்திரண்டில் துளை போட்டது, அதுவும் ஒரே துளை. "புதுத் தோல், போகப் போக விட்டுக்குடுக்கும்," என்றார் பெல்ட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தச் சபைக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் எழுந்து நாலு வரி பேசினார். மூச்சு முட்டியது, முகம் வெளுத்தது. பெல்ட்டுக்காரருக்கு அரை நிமிஷம் தேனாக இனித்தது. அதற்குள் மகள் ஓடிப்போய்ப் பெல்ட்டை உருவிவிட்டாள்.

லிஃப்ட்காரர் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். "எங்க சம்பந்தி வேற மாதிரி சொல்வார். நீ எலியாவான்னு கேட்டப்ப யோவானே 'நான் அவர் இல்லை'ன்னுட்டார், அப்ப இனிமேதானே வரணும்னு கேப்பார். அதுக்கு எங்கிட்ட இன்னும் பதில் இல்ல. எவர் வந்தாலும் வேலை ஒண்ணுதான். அப்பாக்கள் மனசைப் பிள்ளைங்க பக்கமும், பிள்ளைங்க மனசை அப்பாக்கள் பக்கமும் திருப்பணும்."

வெளியே வந்ததும் மகள் அந்தப் பெல்ட்டை அப்பா கையில் வைத்தாள். "ரெண்டு அங்குலம் கம்மி. உங்க கைக்கு அளவு தப்பாதேப்பா."

"தப்பல," என்றார். பொய் சொல்ல வரவில்லை.

"வேணும்னேவா?"

அவர் செருப்பைப் பார்த்தார்.

மகள் திட்டியிருந்தால் தேவலை. "சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க நான் வரட்டுமான்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமில்ல," என்றாள்.

லிஃப்ட்காரரும் வந்து சேர, மூவரும் கடைக்கு நடந்தார்கள். பெல்ட்டுக்காரர் பெஞ்சில் ஏறி ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்துச் சம்பந்தியின் இடுப்பில் சுற்றினார். ஐந்தாவது துளையில் கச்சிதமாக நின்றது.

"நாளைக்கு அவரே வந்து கேட்டா?" லிஃப்ட்காரர் பயந்துபோனார்.

"உங்க கட்சிப்படி அவர் வரப்போறதில்லையே. எங்க கட்சிப்படி வந்தா, உங்க வீட்டுக்கு அனுப்பறேன். அவிழ்த்துக் குடுத்துடுங்க."

"அதுவரைக்கும் யார் எண்ணெய் தேய்க்கறது?"

"சனிக்கிழமைதோறும் இங்க கொண்டாந்துடணும். இவகூட."

சாப்பிட மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள் நடுவில் நடந்தாள். யார் பக்கம் ஒரு அங்குலம் அதிகம் ஒட்டி நடக்கிறாள் என்று பெல்ட்டுக்காரரின் கண் வழி முழுக்க அளந்துகொண்டே வந்தது.