கடலுக்குப் போகாத நான்காம் நாள்

இந்த ஊரில் வீடியோ கேம் செய்கிறவர்கள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையில் உட்காருகிறார்கள். ஹெல்சிங்கியில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் கூடுவோம். வாசலில் பனி ஒட்டிய பூட்ஸ்கள் வரிசையாக நிற்கும். உள்ளே இருபது பேர் கம்பளிக் காலுறையோடு ஆளுக்கொரு கணினி முன்னால். பெரிய கம்பெனி ஆட்கள் இல்லை. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, தனியாகவோ இரண்டு பேராகவோ சின்னச் சின்ன கேம் செய்து இணையத்தில் விடுகிறவர்கள். இண்டி என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. உங்கள் கேமை இன்னொருவர் ஆடிப் பார்க்கும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடுமாறினாலும், தப்பான பக்கம் போனாலும், பின்னால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நாளைக்கு எங்கோ ஒருவர் அதை இறக்கி ஆடும்போது கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாதல்லவா? நியாயமான சட்டம்தான். ஆனால் திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்து, மீன் ஏலத்துக்கு நடுவில் பேசக் கற்றுக்கொண்டவளை அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்வது கொஞ்சம் அதிகம். முதல் மாதம் எனக்குத் தொண்டை வலித்தது.

நான் முதன்முதலில் வீடியோ கேம் பார்த்தது கல்மண்டபத்தில். அச்சாபீசுக்குப் பின்னால் ஓர் இருட்டறை, பிளாஸ்டிக் திரை, நாலு டிவி. பெண் பிள்ளைகள் அந்தத் திரையைத் தாண்ட மாட்டார்கள். என் அண்ணன் சேகர் ஒரு நாள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஆடுகிறவன் ஒருவன், ஆட்டிவைக்கிறவர்கள் பத்துப் பேர். "குந்து மாமு, குந்து", "இப்ப எகிறு", "டேய், பின்னால வந்துகினு கீறான் பாரு" என்று காது கிழியும். யார் கையில் அந்த ஜாய்ஸ்டிக் கட்டை இருக்கிறதோ அவனுக்குச் சொந்த புத்தி என்று ஒன்று இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை. தோற்றால் பத்துப் பேரும் சேர்ந்து தோற்பார்கள். இங்கே காலுறையோடு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறையின் வியர்வை நாற்றம் ஞாபகம் வரும். கலீஜான இடம்தான். இருந்தாலும் அங்கே யாரும் தனியாக ஆடியதில்லை.

இங்கே நான் ஒரு செல்போன் கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். குளிர்காலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கே வெளிச்சம் போய்விடும். முதல் வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கும் வெள்ளை. நடுவில் உறைந்த கடல், அதன்மேல் மனிதர்கள் நாயோடு நடந்து போகிறார்கள். கடல்மேல் நடப்பதைப் பார்த்த பிறகு எதையும் நம்பலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து, கை போன போக்கில் ஒரு நீல நிறத்தைப் போட்டேன். அது எங்கள் கடல் நிறமாக இல்லை. கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சாம்பல், துறைமுகத்து எண்ணெய்ப் படலத்துக்குக் கொஞ்சம் ஊதா என்று சேர்த்துக்கொண்டே போனேன். தூரத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள். அதிகாலையில் அந்தப் புகை ரோஜா நிறத்தில் இருக்கும், யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மணல் வந்தது, படகுகள் வந்தன. அலைச் சத்தத்தை அண்ணன் தன் போனில் பதிவு செய்து அனுப்பினான். இரண்டு குளிர்காலம் நான் ஹெல்சிங்கியில் தூங்கி, திருவொற்றியூரில் விழித்துக்கொண்டிருந்தேன்.

கேம் ரொம்பச் சின்னது. ஏழு நாள். தினமும் விடிவதற்கு முன்னால் படகைத் தள்ள வேண்டும், அலை மடங்கும் நேரம் பார்த்து அதைத் தாண்ட வேண்டும், வலை போட்டுத் திரும்ப வேண்டும். நான்காம் நாள் மட்டும் படகு நகராது. விடியும், எல்லாப் படகும் மணலில் கிடக்கும், தூரத்தில் சாவு மோளம் கேட்கும். படகைத் தள்ள நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஆள் படகின்மேல் கையை வைப்பான், எடுத்துவிடுவான். கரையில் நடக்கலாம், உட்காரலாம். பதினொரு நிமிடத்தில் அந்த நாள் முடியும். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு எந்தப் படகும் இறங்காது. செத்தது சொந்தமா, சண்டைக்காரனா என்ற பேச்சே கிடையாது. இதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. மோளம் கேட்டால் தெரியாதா என்ன? எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பெரிய ஆள் இல்லை. இன்னொருவர் படகில் கூலிக்குப் போனவர். காலையில் நான் வெளியே வந்து பார்த்தபோது கரை முழுக்கப் படகுகள் நின்றன. ஏல விலைக்காக அவரோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவரின் படகும் நின்றது. கடலில் ஒரு புள்ளி கூட இல்லை. படகே இல்லாத கடலை அன்றுதான் பார்த்தேன். அது புதிதாகக் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது. அழுகையின் நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு பேர் நைனாவுக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் செய்தேன் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

கீழ்த்தளத்தில் ஐனோ என்ற பெண் முதலில் ஆடினாள். கூட்டங்களை நடத்துகிறவள் அவள்தான், நல்ல மனுஷி. மூன்று நாள் அழகாக ஆடினாள். நான்காம் நாள் மோளம் கேட்டதும் காலால் தாளம் போட்டாள். அதில் தப்பில்லை, எங்கள் ஊரிலும் அந்த மோளத்துக்கு ஆடத்தான் செய்வார்கள். பிறகு எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள். பத்து நிமிடம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் குறிப்பேட்டில், நான்காம் நாள் கேம் உறைந்துவிடுகிறது, சரிசெய்யவும் என்று எழுதிக் கொடுத்தாள். ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று திரையில் ஒரு வரி போட்டுப் பார்த்தேன். அது இன்னும் மோசம். இறந்தவரை ஆடுகிறவருக்குத் தெரியுமா, தெரியாதென்றால் அவர் ஏன் கடலுக்குப் போகவில்லை, போகாததால் என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். சின்ன கேம்களைப் பற்றித் தினமும் செய்தியும் கருத்தும் போடுகிற ஓர் இணையப் பக்கம் உண்டு. எங்கள் உலகத்தில் அதில் நாலு வரி வந்தால் போதும், ஆயிரக்கணக்கானோர் ஆடுவார்கள். அதை எழுதுகிறவர் என் கேமைப் பார்த்துவிட்டு, கடல் அற்புதம், ஆனால் ஆடுகிறவரின் கையைக் கட்டிப்போடுவது மரியாதை இல்லை என்று எழுதினார். மார்ச்சில் எங்கள் கேம்களை வைத்து நடக்கும் கண்காட்சிக்குத் தானே நேரில் வருவதாகவும், அதற்குள் சரிசெய்தால் முழுக் கட்டுரை எழுதுவதாகவும் தனியாக ஒரு மின்னஞ்சல் போட்டார். எனக்கு அந்தக் கட்டுரை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாத எங்கள் கடலை உலகம் பார்க்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நான்காம் நாளை எடுத்துவிட்டேன். எல்லா நாளும் படகு போனது.

புது கேமை அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பான். அன்று போன் செய்தான்.

"இன்னா வசந்தி, நாலாம் நாளு போட்டு அது பாட்டுக்கு போய்க்கினே கீது?"

"அவங்களுக்கு பிரியலண்ணா. கேமு ரிப்பேருன்னு நெனச்சிக்கினாங்க. அதான் எட்த்துட்டேன்."

கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "அப்ப நைனா செத்தன்னிக்கு எல்லாரும் கடலுக்கு பூட்டாங்கன்னு ஆவுது. சரி வுடு. உனுக்கு நல்லதுன்னா செய்யி."

அவன் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "சரி வுடு" என்றுவிட்டான். நான் அதை எங்கே விடுவது? இருந்தும் மாற்றவில்லை. ஆசை அப்படி.

கண்காட்சி அன்று காலை அரங்கத்துக்குப் போனேன். எனக்கு ஏழாம் மேசை. கதவு திறக்க இன்னும் நேரம் இருந்ததால் அண்ணனைக் கூப்பிட்டேன். அந்த நேரத்துக்கு அவன் ஏலத்தில் கத்திக்கொண்டிருக்க வேண்டும். பின்னணியில் சத்தமே இல்லை.

"இன்னாண்ணா, வூட்லயா கீற? கடலுக்கு போவல?"

"இல்ல. கடைசி தெரு கோவிந்தம்மா வெடிகாலைல பூட்ச்சி. யாரும் எறக்கல."

"எந்த கோவிந்தம்மா?"

"அதான், அடி பம்பு பக்கத்து வூடு. நீ சின்ன புள்ளைல பாத்துக்கீற. சரி, உனுக்கு இன்னிக்கு பெரிய நாளாச்சே. நல்லா பண்ணு."

எவ்வளவு யோசித்தும் கோவிந்தம்மா முகம் வரவில்லை. அடி பம்புதான் வந்தது. திரையில் என் படகு நான்காம் நாளும் அலையைத் தாண்டத் தயாராக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கணினியை அணைத்தேன். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்குப் படகை இறக்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஐனோ ஓடி வந்தாள். "கெட்டுப்போய்விட்டதா? வேறு கணினி தரட்டுமா?"

"கெடவில்லை. ஊரில் ஒருவர் இறந்துவிட்டார்."

அவள் என் தோளைத் தொட்டாள். இங்கே அது பெரிய விஷயம். "உன் குடும்பத்தில் ஒருவரா?"

"இல்லை."

"நெருங்கிய சிநேகிதியா?"

"இல்லை. முகம்கூட ஞாபகம் இல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இருந்தது, பயமும் இருந்தது. "வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கிறாயா?" என்று கேட்டாள். வேண்டாம், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மாலை வரை உட்கார்ந்திருந்தேன். அரங்கம் முழுக்க வண்ணத் திரைகள் மினுங்கின, சனங்கள் அலை அலையாக வந்து போனார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அந்த இணையப் பக்கத்துக்காரர் வந்தார். இருண்ட திரையின் முன் நின்று பொத்தானை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டு எட்டாம் மேசைக்குப் போனார். எனக்கு அழுகை வந்தது. கோவிந்தம்மாவுக்கா, கட்டுரைக்கா, நைனாவுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்காம் நாளைத் திரும்பச் சேர்த்தேன், விளக்க வரி எதுவும் இல்லாமல். திங்கட்கிழமை அந்தப் பக்கத்தில் கண்காட்சிச் செய்தி வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பத்தி. ஏழாம் மேசைக்கு ஒரே ஒரு வார்த்தை: இயங்கவில்லை. அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். வருத்தப்படுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"கரீட்டாதான எழுதிக்கீறாரு. அன்னிக்கு இங்க எம் போட்டும் போவல, அங்க உம் போட்டும் போவல."

எங்கள் குப்பத்தில் பெண்களுக்கென்று படகு கிடையாது. எனக்கு ஒன்று இருக்கிறதென்று அன்றுதான் ஒருவன் சொன்னான். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். உறைந்த கடல்மேல் யாரோ நாயோடு நடந்துகொண்டிருந்தார்கள். என் படகு கரையில்தான் இருக்கிறது. அந்தக் கரைதான் இங்கே இல்லை.