பாறை இருந்த மூலை

மௌலாலிக் குன்றைத் தாண்டி ரயில் பாதையோரமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் சுருட்டிய ஜமக்காளம், அதற்குள் ஒரு சட்டை, ஒரு அலுமினியத் தட்டு. திரும்பிப் பார்த்திருந்தால் நாங்கள் போட்ட அஸ்திவாரம் தெரிந்திருக்கும். மறைப்பதற்கு அந்தப் பக்கம் அப்போது மரம்கூடக் கிடையாது. நான் திரும்பவில்லை. அங்கே இனி எனக்கு வேலை இல்லை என்பது மத்தியானமே முடிவாகிவிட்டது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தர்மபுரிப் பக்கமிருந்து கிளம்பி குண்டக்கல்லில் மூட்டை தூக்கினேன். பிறகு சனத்நகரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் மணல் சலித்தேன். காலில் இரும்புக் குழம்பு தெறித்த பிறகு அங்கே வைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் நான் தமிழில் டீ கேட்டதைக் காதில் வாங்கி, மண்வேலைக்கு வருகிறாயா என்று கேட்டவர்தான் அந்த அண்ணன். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கமிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வந்தவர். இவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். வேலூர்த் தமிழும் உருதும் ஒரே வாக்கியத்தில் வரும்.

லாலாகூடாவில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். பெரிய பெண் குளிக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் எல்லாரும் தெருவில் போய் நிற்க வேண்டும். அடுப்பையும் வெளியே எடுத்து வைப்பார்கள். நான் அக்கா என்று கூப்பிட்ட அண்ணனின் மனைவி என்னிடம் வீட்டைப் பற்றிப் பேசிய முதல் பேச்சே அதுதான். முதலில் குளியலறைக்குச் சுவர் எழுப்பு, மற்றதெல்லாம் பிறகு என்றார். கடைக்கால்கூடத் தோண்டியிருக்கவில்லை அப்போது.

தொழிற்சாலை ஊழியர்கள் சேர்ந்து சங்கம் போட்டு வாங்கிய மனைகள் அவை. ஒரே வரிசை. கிழக்கே ரோடு. மேற்குக் கோடியில் லாரி அளவுக்கு ஒரு பாறை. சங்கத்து சர்வேயர் அந்தப் பாறையில் சுண்ணாம்புக் குறி போட்டு, அங்கிருந்து ரோட்டை நோக்கி ஒவ்வொரு மனையாக அளந்து எல்லைக்கல் நட்டிருந்தார். நட்ட கற்களை ஆடு மேய்க்கிறவர்கள் அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தை யாரோ விற்றுவிட்டார்கள். பாறையை ஒட்டிய கடைசி மனை அண்ணனுடையது. அதனால் அவர் கவலைப்படவில்லை. பாறையில் டேப்பின் ஒரு நுனியை வைத்து அவர் பிடித்துக்கொள்ள, மறுநுனியை நான் இழுத்துக்கொண்டு போய் அளந்தோம். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுத் தோண்ட ஆரம்பித்தோம்.

மேலே ஒரு ஜாண் ஆழத்துக்கு மொரம் என்று அங்கே சொல்லும் சிவந்த கப்பி மண். அதற்குக் கீழே கடப்பாரை துள்ளித் துள்ளிக் கைக்கே திரும்பி வந்தது. நாள் முழுவதும் இறக்கினாலும் சாயங்காலம் பார்த்தால் முழங்கால் ஆழம்தான் இருக்கும். அண்ணன் முதல் ஷிப்ட் முடிந்து நீலச் சட்டையோடு நேராக வருவார். சட்டையைக் கழற்றி, மனையோரம் போட்டிருந்த தகரக் கொட்டகையில் மாட்டிவிட்டு இருட்டும்வரை தோண்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் இரண்டு பெண்களும் வந்து மண் சுமந்தார்கள். அக்கா தமிழில் அதட்ட, பெண்கள் தெலுங்கில் முணுமுணுப்பார்கள். சிமெண்டு பர்மிட் கைக்கு வரவில்லை. சுண்ணாம்புக் கலவைதான். அதில் நின்று நின்று என் காலில் பழைய புண் வாய் திறந்தது. துணி சுற்றிக்கொண்டு நின்றேன்.

கடைக்கால் தோண்டி முடிந்ததும் அதை நிரப்பக் கல் வேண்டும். வண்டிக் கல் வாங்க அவரால் முடியவில்லை. மனைக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் அந்தப் பாறை கிடந்தது. ஒரு நாள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். வேண்டாம் என்பதற்கு அவர் வாயில் நக்கோ என்ற உருதுதான் வரும்.

"கல்லு வாங்கறது நக்கோ தம்பி. இத்தப் பாரு, வாடகை குடுக்காம நம்ம வாசல்ல ஒக்காந்துகினு கீது."

கல்லுடைக்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் முள்விறகை அடுக்கிப் பாறையைச் சூடேற்றினார். விரிசல் கண்ட இடத்தில் உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்தார். சுண்ணாம்புக் குறி இருந்த பக்கம்தான் முதலில் விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நல்ல கல், ஓட்டை இல்லாத கல் என்று அண்ணன் தடவித் தடவிப் பார்த்தார். கடைக்கால் நிறைந்தது. தரைக்கு மேலும் முட்டி உயரத்துக்கு எழுப்பினோம். பாறை இருந்த இடத்தில் பெரிய பள்ளம் விழுந்து, மழையில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

கிழக்கே அடுத்த மனைக்காரர் அதே தொழிற்சாலையில் அதிகாரி, தெலுங்குக்காரர். அவரும் வீடு கட்டக் கிளம்பி, ரோட்டுப் பக்கமிருந்து அளந்து பார்த்தார். அண்ணனின் கிழக்குச் சுவர் நாலடி தன் மனைக்குள் இருப்பதாகச் சங்கத்தில் சொன்னார். சங்கம் சர்வேயரை அனுப்பியது. நான் ஜமக்காளத்தைச் சுருட்டிய அன்றைக்குக் காலையில்தான் அவர் வந்தார். வேறு ஆள், புதியவர். அளக்கும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு மேற்கே பார்த்தார்.

"பெத்த குண்டு எக்கட?" பெரிய பாறை எங்கே என்று கேட்டார்.

அண்ணன் காலால் அஸ்திவாரத்தைத் தட்டிக் காட்டினார். சர்வேயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை.

உடைப்பதற்கு முன்பே பாறையிலிருந்து சரியாக அளந்துதான் கோடு போட்டேன் என்று அண்ணன் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தம்பி. டேப்பு அந்தக் கோடிய யாரு புடிச்சிருந்தா?"

"நான்தாண்ணா."

கூலி வாங்குகிறவன் வேறு என்ன சொல்வான் என்றார் அதிகாரி தெலுங்கில். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பாறை இல்லாததால் ரோட்டிலிருந்து அளந்தார்கள். ரோட்டுப் பக்கம் வீடு கட்டியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மேற்கே தள்ளிக் கட்டியிருந்தார்கள். அந்தத் தள்ளல் எல்லாம் சேர்ந்து அதிகாரியின் மனையில் வந்து நின்றது, அவர் மனை அண்ணனின் மனைக்குள் வந்து நின்றது. நிற்கிற வீட்டை இடி என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. அஸ்திவாரத்தை எடு என்று சொல்லலாம். சொன்னார்கள்.

"அப்போ என் மனை எங்க சார்?" என்று அண்ணன் கேட்டார்.

சர்வேயர் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனார். பள்ளத்துத் தண்ணீரின் விளிம்பில் நின்று, இன்னும் நாலடி உள்ளே என்று கையை நீட்டினார்.

எல்லாரும் போன பிறகு அண்ணன் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். போய் வருகிறேன் என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அப்படித்தான் நடக்க ஆரம்பித்தேன். அன்றிரவு மௌலாலி ஸ்டேஷனில் படுத்தேன்.

விடிந்ததும் மெட்டுகூடாவில், கூலிக்கு ஆட்கள் நிற்கும் அட்டாவில் போய் நின்றேன். ஸ்கூட்டரில் வந்து நின்றவர் அந்த அதிகாரி. கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டு கையசைத்தார். அந்தக் கிழக்குச் சுவரைப் பிரிக்க வேண்டும், எந்தக் கல் எதில் பூட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியும், வேலை சீக்கிரம் முடியும் என்றார். ராத்திரி நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

அதிகாரியிடம் கடப்பாரை இல்லை. அண்ணன் கொட்டகை வாசலில் இருந்தார், அன்றும் லீவு போட்டிருந்தார். நான் போய் நின்றதும் ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து கொடுத்தார்.

ஈசானி மூலையில் முதல் கல்லுக்கு மஞ்சள் பூசித் தன் கையால் இறக்கியவர் அக்கா. அந்த மூலை கிழக்குச் சுவரின் வடக்குக் கோடியில்தான் இருந்தது.

"அவகிட்ட சொல்லிட்டேன்," என்றார் அண்ணன். "சோறு எடுத்துகினு வருவா. ஈசானிக் கல்ல மட்டும் அவ போன பின்னாடி எடு."

சரிண்ணா என்றேன். தெற்குக் கோடியில் ஆரம்பித்தேன்.